ஃபார்மட் பண்ணிக் குடுங்க

கடைக்கு வருகிறவர்கள் படியேறும்போதே சொல்லிவிடுவார்கள்: "அண்ணா, சிஸ்டம் ஒரே ஸ்லோ. ஹேங் ஆவுது. ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுங்க." கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரம் கழிந்ததாக நினைவில்லை.

ஃபார்மட் என்றால் துடைத்து அழிப்பது. கேட்கிறவர்களில் பலருக்கு அது தெரியாது. வண்டிக்கு ஆயில் மாற்றுகிற மாதிரி ஒரு வேலை என்று எண்ணிக்கொண்டு கேட்பார்கள். தொடக்கத்தில் நானும் கேட்டவுடன் செய்துகொடுத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன், இப்போது என்ன செய்கிறேன் என்பதை ஒருமுறை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறது. சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை. அறுவடைக் காலத்தில், மண்டிப் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற சிபியூவைத் திறந்தால் ஃபேன் இறக்கைகளில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு உட்கார்ந்திருக்கும். மல்லாட்டைத் தோலின் தூசுதான். பிளோயர் வைத்து ஊதினால் கடை முழுக்க அந்த வாசம் வரும். சூடு ஏறினால் புராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் தூசைத் தட்டி, ஹீட்சிங்க் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிய பிறகு ஓட ஆரம்பித்த கணினிகளே எத்தனையோ. அவற்றையெல்லாம் ஃபார்மட் செய்திருந்தால் தூசு அப்படியே இருந்திருக்கும். வீட்டுக்காரரின் படங்கள்தான் போயிருக்கும்.

நான் கடை திறந்த 2005-ல் எங்கள் தொழிலே ஒரு சிடியை நம்பி நடந்தது. உதிரிபாகம் வாங்கச் சென்னைக்குப் போகும்போது பிளாட்பாரத்தில் எடுத்து வருகிற விண்டோஸ் எக்ஸ்பி நகல். சீரியல் எண்ணைப் பேனாவால் சிடி மேலேயே எழுதிக் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொடுத்து முந்நூறு ரூபாய் கூலி வாங்குவோம். பையனின் படிப்புக்காகக் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் எடுத்தவரிடம், அசல் விண்டோஸுக்கு இன்னும் சில ஆயிரம் கொடுங்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வராது. திருட்டுச் சரக்கு என்று தெரிந்தேதான் விற்றோம். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த நகல்கள் அப்டேட் வாங்காமல் பூஞ்சை பிடிக்கிற மாதிரி வைரஸ் பிடித்து, நான்கு மாதத்தில் அதே மனிதர் அதே சிபியூவைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். கடைக்கு அது வருமானம்தான். வேண்டாத வருமானம்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் எங்கள் பக்கம் வந்தது தபாலிலும் பத்திரிகையிலும். லினக்ஸ் ஃபார் யூ என்று டெல்லியிலிருந்து 2003 முதல் ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு வட்டு வரும். திருவண்ணாமலையில் ஒரு புத்தகக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்குவேன். கட்டுரைகளில் பாதி புரியாது. அந்த வட்டுக்காகத்தான் வாங்கினேன். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவை வெளியிடுகிறவர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2005-ல் தொடங்கி 2011 ஏப்ரல் வரை அந்த ஏற்பாடு இருந்தது. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து என் கடை முகவரியைக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன். சில வாரம் கழித்து எங்கள் தபால்காரர் வெளிநாட்டு முத்திரை போட்ட அட்டை உறையைக் கொண்டுவந்து, "என்னப்பா இது, வெளிநாட்டிலருந்து உனக்கு?" என்று கேட்டு நின்றார். பிரித்துக் காட்டினேன். யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அந்த உறையிலேயே அச்சிட்டிருந்தது. அந்த வரியை நான் அன்று எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. நகல் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதைத் தலைநிமிர்ந்து செய்ய ஒருவர் அனுமதி கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் வீடுகளுக்குள் அது லேசில் நுழையவில்லை. முதலில் போட்டுக்கொடுத்த மூன்று வீடுகளிலிருந்தும் மறுநாளே திரும்பி வந்தது. காரணம் பாட்டு. எம்பி3-க்கு அப்போது காப்புரிமை இருந்ததால் அதை ஓட்டும் நிரலை உபுண்டுவோடு சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். இணையத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அப்போது இணையம் இருந்தது? ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் பாடாத கம்ப்யூட்டரை எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிரௌசிங் சென்டரில் அந்தத் தொகுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, பென்டிரைவில் எடுத்துவந்து, வரிசை தப்பாமல் நிறுவக் கற்றுக்கொண்டேன். ஒன்று இன்னொன்றைக் கேட்கும்; அது வேறொன்றைக் கேட்கும். விஎல்சியைப் போட்டபிறகுதான் மூச்சு வந்தது. பாட்டு, படம், கல்யாண வீடியோ சிடி, எதைக் கொடுத்தாலும் ஓட்டியது. அந்தக் காப்புரிமைகள் 2017-ல் முடிந்தன. இப்போது கடையில் உதவிக்கு இருக்கும் தம்பிக்கு இந்தத் தொல்லை இருந்ததே தெரியாது.

இனிச் சொல்லப்போவது 2009-ல் நடந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். மதிப்பெண் பட்டியலைப் பிரிண்ட் எடுக்கக் கடை வாசலில் கூட்டம். உள்ளே மேஜையில் ஒரு கணக்கு வாத்தியாரின் கம்ப்யூட்டர், 80 ஜிபி ஹார்டு டிஸ்க். முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "எல்லாம் டி-யில இருக்கு தம்பி. சி-யை மட்டும் பாத்துக்கோ." எக்ஸ்பியோடு உபுண்டுவையும் பக்கத்தில் நிறுவித் தருவதாக நான்தான் ஆசை காட்டியிருந்தேன். நிறுவும்போது ஒரு கட்டத்தில், டிஸ்கில் எந்த இடத்தை எடுத்துக்கொள்வது என்று கேட்கும். பக்கத்தில் இடம் ஒதுக்கு என்பது ஒரு வரி. முழு டிஸ்கையும் எடுத்துக்கொள் என்பது அதற்கடுத்த வரி. ஒரு பெண் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே மவுஸை அழுத்தினேன்.

இருபது நிமிடம் கழித்து அழகாக முடிந்து, மறுதொடக்கம் ஆகி, சி இல்லாமல், டி இல்லாமல், ஒரே பரப்பாக வந்து நின்றது. கை நடுங்கியது. பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அன்று நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

டிஸ்கில் ஒரு கோப்பு அழிந்தது என்றால், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை போய்விட்டது என்று பொருள். வீட்டு எண் பலகையைக் கழற்றிவிட்ட தெரு மாதிரி. வீடுகள் அங்கேயே இருக்கும், மேலே வேறொன்று எழுதப்படாதவரை. புதிய உபுண்டு மூன்று ஜிபி அளவுக்குத்தான் எழுதியிருந்தது. மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் தொடப்படாமல் கிடந்தது. போட்டோரெக் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல் டிஸ்கின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொரு செக்டராகப் படித்துப்போகும். ஒரு ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். அதைக் கண்டதும், இங்கே ஒரு படம் இருக்கிறது என்று அள்ளி எடுத்து வேறு டிஸ்கில் வைக்கும். வாத்தியாரின் டிஸ்கை என் சிபியூவில் மாட்டி, லைவ் சிடியில் துவக்கி, அதை ஓடவிட்டு இரண்டு ராத்திரி பக்கத்திலேயே படுத்தேன்.

வந்தன. ஆயிரக்கணக்கில் வந்தன. எதற்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீண்ட எண்ணுமாக, அந்தப் படம் கிடைத்த செக்டரின் எண்தான் இனி அதன் பெயர். மகனின் பிறந்தநாளும், பள்ளி ஆண்டு விழாவும், இணையப் பக்கங்களிலிருந்து எப்போதோ சேமிப்பாகிக் கிடந்த பூப்படங்களும் ஒரே குவியல். படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைத்திருக்கும் தேதியைப் படித்து, வருஷவாரியாக, மாதவாரியாகப் பிரித்தேன். பத்து வருஷம் அவர் அடித்துவைத்த கணக்கு வினாத்தாள்களில் பெரும்பகுதி கிடைத்தது. ஒரு பெரிய வீடியோ மட்டும் கிடைக்கவில்லை. பெரிய கோப்புகள் டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். தலையைப் பிடித்தாலும் உடல் எங்கே என்று போட்டோரெக்கால் சொல்ல முடியாது.

நடந்ததை நடந்தபடி அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திரும்ப வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "எங்கப்பா அறுபதாம் கல்யாணத்துல பேசின வீடியோ ஒண்ணு இருந்துச்சே தம்பி?" வரவில்லை சார் என்றேன். அவருடைய அப்பா அப்போது உயிரோடு இல்லை.

அன்றிலிருந்து கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தக் கணினி வந்தாலும், திறப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டு அதில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குவேன். உள்ளே என்ன இருக்கிறது? எங்கே இருக்கிறது? வேறு எங்காவது பிரதி இருக்கிறதா? மூன்றாவதற்கு "இல்லை" என்றுதான் எப்போதும் பதில் வரும். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து துவக்கி, டிஸ்கில் ஒன்றையும் எழுதாமல், இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவைத்த பிறகுதான் மற்ற வேலை. டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் அது சாகக் கிடக்கிறது என்று பொருள். அப்போது சாதாரணமாக நகல் எடுக்கக் கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற கருவி முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் சிக்கலின்றி எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களை மெல்ல மெல்ல முட்டிப் பார்க்கும். எதுவரை படித்தோம் என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கரண்ட் என்றதும் 2012 நினைவுக்கு வருகிறது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருஷத்து மின்வெட்டைச் சொல்லத் தேவையில்லை. நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. யூபிஎஸ் பேட்டரிகள் சார்ஜ் ஏறவே நேரமில்லாமல் செத்தன. ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுக் கணினி அந்தக் கோடையில் மூன்று முறை துவங்காமல் வந்தது. பழைய ஃபேட்32 முறையில் பிரித்த டிஸ்க். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டவணை அரைகுறையாக நின்றுவிடும். லினக்ஸுக்கு மாற்றி ஈஎக்ஸ்டி4-ல் வைத்துவிடலாம் என்றேன். "அதுல மட்டும் கரண்ட் போவாதா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவருக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். "மண்டியில நேரா பேரேட்டுலயா எழுதுறீங்க? முதல்ல சிட்டாவுல எழுதறீங்க. அப்புறம் ராத்திரி பேரேட்டுல ஏத்துறீங்க. ஏத்தும்போது பாதியில எழுந்து போயிட்டா, திரும்பி வந்து சிட்டாவைப் பார்த்து எது ஏறல, எது ஏறிச்சுன்னு கண்டுபிடிச்சுடுறீங்க. இதுவும் டிஸ்குல ஒரு மூலையில சிட்டா வச்சிருக்கு. அட்டவணையில எதை மாத்தப்போறோம்னு முதல்ல அதுல எழுதிடும். கரண்ட் வந்ததும் சிட்டாவைப் புரட்டிப் பார்த்து மீதியை முடிச்சுக்கும்." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கடைசியா அடிச்சது போயிடும், மொத்தக் கணக்கும் போவாது" என்றார். அதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எக்ஸ்பியிலும் என்டிஎஃப்எஸ் முறைக்கு இந்தச் சிட்டா உண்டு என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். வைரஸ் தொல்லையும் சேர்ந்தே தீரட்டும் என்று அவர்தான் லினக்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வைரஸ் என்றால் அப்போது பென்டிரைவ்தான். ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு நிரலை அந்த இடத்தில் வைத்துவிடும். ஃபோல்டர் என்று நினைத்துத் திறப்பவர் வைரஸை ஓட்டிவிடுகிறார். கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட் போய்விட்டது என்று கண்ணீரோடு வருவார்கள். லினக்ஸில் செருகினால் ஒளித்த ஃபோல்டரும் போலி நிரலும் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். அந்த ஒளிப்பும் அந்த நிரலும் விண்டோஸுக்காக எழுதியவை, இங்கே செல்லாது. அரை நிமிட வேலை. இதற்கு நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை.

எங்கள் தாலுகா வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் என்று ஒன்று பரவலாக வந்தது அரசு மடிக்கணினியால்தான். 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது பாஸ். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் லினக்ஸ் வந்து சேர்ந்தது என்று நான் பெருமையாகச் சொல்வேன். ஆனால் என் கடைக்கு வந்த பிள்ளைகள் அனேகமாக எல்லோரும் கேட்டது ஒன்றே: "அண்ணா, ஸ்டார்ட் ஆவும்போது ஏதோ ரெண்டு கேக்குது. அந்தக் கீழ இருக்கிறதை எடுத்துடுங்க." மடிக்கணினியைக் கையில் கொடுத்தவர்கள், பக்கத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து அந்த இரண்டாவது வரி என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது.

இத்தனைக்கும் பாடப்புத்தகம் நம் பக்கம் இருந்தது. பழைய பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் ஸ்டார் ஆபிஸைத்தான் நடத்தியது. சன் நிறுவனம் 1999-ல் ஸ்டார் ஆபிஸை வாங்கி, அடுத்த வருஷம் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டதிலிருந்து பிறந்தது ஓப்பன் ஆபிஸ். அதிலிருந்து 2010-ல் பிரிந்தது லிப்ரெ ஆபிஸ். மூன்றும் ஒரே குடும்பம். 2018-ல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகத்தில் உபுண்டுவே பாடமாக வந்துவிட்டது.

2022-ல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா அரிசிப் பையில் சுற்றி ஒரு மடிக்கணினி கொண்டுவந்தார். பெரிய மகளுக்குக் கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பெட்டியில் கிடந்தது; சின்ன மகள் இப்போது பிளஸ் ஒன். 2 ஜிபி ராம், செத்த பேட்டரி, துவங்கவே ஏழெட்டு நிமிடம். நோட்டில் கேள்விகளை எழுதினேன். "உள்ள என்னம்மா இருக்கு?" "பெரியவ காலேஜ்ல எடுத்த போட்டோ இருக்குதுன்னு சொன்னா." எடுத்துவைத்தேன். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், கடையில் கழற்றிவைத்திருந்த 2 ஜிபி ராம் ஒன்றும் போட்டு, மின்ட் லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை நிறுவினேன். முக்கால் நிமிடத்துக்குள் துவங்கியது. அக்காவின் படங்களை அவள் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் வைத்தேன். சின்னவள் வந்து உட்கார்ந்து மெனுவைத் திறந்தாள். லிப்ரெ ஆபிஸைத் திறந்ததும், "இது எங்க புக்ல இருக்கிறது மாதிரியே இருக்கு" என்றாள். பேட்டரி மாற்றவில்லை, அதற்குக் காசு இல்லை என்றார்கள். ஒயரை மாட்டியே ஓட்டினாள். மறுவருஷம் பிளஸ் டூவில் பைத்தானும் அதிலேயேதான் பழகினாள்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. எங்கள் பக்கத்தில் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹயர் பாஸ் பண்ணிய தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்கள் விரலுக்குப் பழைய தட்டச்சு விசைப்பலகைதான் பழக்கம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தமிழ்99 சொல்லித்தருவேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். ஒரே எழுத்து இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். விண்டோஸில் இதற்கு முகுந்தராஜ் உருவாக்கிக் கொடுத்த எ-கலப்பை இருந்தது. லினக்ஸில் ஐபஸ் போதும். தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்றும் அதில் உண்டு. ஒரே வீட்டில் அப்பா ஒன்றும் மகள் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தன் ஊரின் வரலாற்றை எழுதியிருந்தார். ஏரிகள், கோயில், பஞ்ச காலத்தில் ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் என்று நூற்று நாற்பது பக்கம். பல வருஷத்துக்கு முன் ஒரு டிடிபி கடையில் பேஜ்மேக்கரில் அடித்தது. அந்தக் கடை மூடிவிட்டது. அவர் கையில் இருந்தது ஒரு சிடி. எங்கே போட்டாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த குப்பைதான் வந்தது. காரணம் எளிது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்துவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து.

2015 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பிலிருந்து லிப்ரெ ஆபிஸ் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். உரையை வெளியே எடுத்தேன். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மாற்ற உட்கார்ந்தேன். பழைய எழுத்துருவில் 'கெ' என்பதற்குக் கொம்பு முதலில், க பிறகு. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. இதையெல்லாம் நிரல் பார்த்துக்கொண்டது. அதற்குச் சிக்காத ஒன்று இருந்தது. அடித்தவர் அவசரத்தில் 'ர' வர வேண்டிய பல இடங்களில் கால் போட்டிருந்தார். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றியதும் 'மரம்' எல்லாம் 'மாம்' ஆகிவிட்டது. 'ஏரிக்கரை' என்று வரும் இடமெல்லாம் உடைந்து நின்றது. இப்படி உடையும் சொற்களைப் பட்டியல் போட்டு ஒரு சிறு நிரல் எழுதினேன். மீதியைப் பெரியவர் தானே கடைக்கு வந்து, தட்டச்சு விசைப்பலகையில் பத்து விரலாலும் அடித்துத் திருத்தினார். பதினோரு நாள் வந்தார். ஓடிடி (ODT) என்ற திறந்த ஆவண முறையில் சேமித்துக் கொடுத்தேன். அது 2006-லேயே ஐஎஸ்ஓ தரமானது. எந்த நிறுவனம் இழுத்து மூடினாலும் அதைப் படிக்க இன்னொருவர் நிரல் எழுதிக்கொள்ள முடியும். அச்சுக்கு ஒரு பிடிஎஃப். இப்போது அவர் பேரன்கள் கைபேசியில் அந்த வரலாற்றைப் படிக்கிறார்கள், தேடவும் முடிகிறது.

இதையெல்லாம் நான் தனியாகக் கற்கவில்லை. 2012 ஜனவரியில் ஸ்ரீனிவாசனும் நண்பர்களும் கணியம் மின்னிதழைத் தொடங்கியபோதுதான், என் தொழிலைத் தமிழில் படிக்க முடிந்தது. அதை அச்செடுத்துக் கடையில் கட்டி வைத்திருந்தேன். காத்திருக்கும் பையன்கள் புரட்டுவார்கள். பக்கத்து விழுப்புரத்தில் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள். 2011-ல் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அந்த ஒரு மணிநேரம் அதுதான்.

எல்லா வீட்டுக்கும் லினக்ஸ் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிற வீட்டில் போட மாட்டேன். ஸ்டுடியோக்காரருக்குப் போட மாட்டேன். பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்குக் கோரல்டிரா கோப்பு கொடுக்க வேண்டியவரிடமும் வேண்டாம் என்பேன். டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைச் செருகி வேலை செய்பவர்கள் முதலில் என்னிடம் கொண்டுவந்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். பிரிண்டர் வாங்குமுன் கேளுங்கள். சில லேசர் பிரிண்டர்கள் ஒவ்வொருமுறை பவர் போடும்போதும் தன் ஃபார்ம்வேரைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கும்; அதை லினக்ஸில் எழுப்ப ஒரு நாள் போய்விடும். படிப்பு, எழுத்து, படம், பாட்டு, இணையம் என்று இருக்கிற வீடுகளுக்குத் தயக்கமே வேண்டாம். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகள் அப்படிப்பட்டவைதான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் அனேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைக் குப்பை என்று சொல்லி மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் லினக்ஸிலும் கதவுகள் மூடுகின்றன: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 பழைய 32 பிட் கணினிகளில் நிறுவ வராது. ஆனால் 2011-க்குப் பின் வந்த அரசு மடிக்கணினிகளில் என் கைக்கு வந்தவை எல்லாம் 64 பிட்தான். அவற்றுக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவுக்கு அடியிலோ அப்படி ஒன்று கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் துவக்கிப் பார்க்காமல், அழுத்தாமல், அப்படியே எடுத்து வாருங்கள், கழற்றிக் கொடுக்கிறேன். உள்ளே யாருடைய படம் இருக்கிறது, யாருடைய குரல் இருக்கிறது என்று வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். கடைக்கு வந்ததும் ஃபார்மட் என்று சொல்லாதீர்கள். என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள்.